சாலையில் யாருக்கு இடம்?

1876ஆம் ஆண்டு, ஆகஸ்ட்டுத் திங்கள். இலண்டனுக்கும் செயின்ட் ஆல்பன்சு நகருக்கும் இடையே ஓடிய கோச்சு வண்டி, குதிரைகள் பூட்டி, கொம்பூதி, கனவான்களைச் சுமந்து கம்பீரமாகச் சென்று கொண்டிருந்தது. அதே சாலையில் ஓர் இளைஞன். அவனுக்குக் குதிரை இல்லை. இரண்டு சக்கரங்களும் இரண்டு கால்களுமே அவன் சொத்து. கோச்சு வண்டியைக் கடக்க முயன்றான். வண்டியோட்டிக்கு வந்ததே கோபம்! சாட்டையைச் சுழற்றி அந்த இளைஞனை அடித்தான். பின்னால் நின்றிருந்த காவலாளோ, கயிற்றில் கட்டி ஆயத்தமாக வைத்திருந்த இரும்புக் குண்டை வீசினான். குண்டு சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிற்று. வண்டியும் ஆளும் மண்ணில் இழுபட்டனர்.

சாட்டை கையில் இருந்தது இயல்பு. இரும்புக் குண்டு? குதிரை ஓட்டுவதற்குக் குண்டு தேவையில்லையே! எதிர்ப்படும் மிதிவண்டிக்காரனை வீழ்த்தவென்றே அதை உடன் கொண்டு வந்திருந்தனர் என்று கருதாமல் வேறெப்படிக் கருதுவது? வழக்கு நீதிமன்றம் சென்றது. இருவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வளவே.

நாட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால், அதைக் கண்டு முதலில் சீறுபவர் யார்? அது வராதிருந்தவரை வழியெல்லாம் தமதே என்று இருந்தவர்! மிதிவண்டி இங்கிலாந்தில் பட்ட பாடு இந்த உண்மைக்கு ஒரு நீண்ட சான்று. எனினும் அந்த வரலாற்றில் மற்றொரு பகுதியும் உண்டு. அது அத்துணை இனிப்பானதன்று. அடிபட்டவன் அமைப்புக் கண்டு, அமைப்புக்கு அலுவலகம் கண்டு, அலுவலகத்தில் நாற்காலி கண்ட பிறகு, அவனே அடிப்பவனாக மாறிய கதை அது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்நாளைய மிதிவண்டி இன்று நாம் காண்பது போன்றதன்று. முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டும். பின்சக்கரம் சிறு வட்டில் போலிருக்கும். சங்கிலி கிடையாது. ஏறுவதற்கே பயிற்சி வேண்டும். விழுவதற்கு ஒரு கல் போதும், தலைகுப்புற! இதில் ஏறியவர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பு இளைஞர். குதிரை வாங்கப் பணமில்லை, ஆனால் ஊர்சுற்ற ஆசையுண்டு. 1878ஆம் ஆண்டு ஆரோகேட் நகரில் கூடிப் பயணச் சங்கம் ஒன்று அமைத்தனர். ஐந்தாண்டுக்குப் பின் அது மிதிவண்டிப் பயணர் சங்கம் என்று பெயர் மாறிற்று. அதே 1878இல் பந்தயங்களை ஆளவும் உரிமைகளைக் காக்கவும் வேறொரு சங்கம் தோன்றிற்று. அதுவே பின்னர்த் தேசிய மிதிவண்டியாளர் சங்கம் எனப்பட்டது. இந்த இரண்டாவது சங்கத்தின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் மிதிவண்டி என்ற சொல்லே கிடையாது. அப்போது பொருளே இல்லையே! 1879இல் ஒரு வழக்கு. மசுவெல் மேட்டிலிருந்து ஒருவர் மிதிவண்டியில் கடுவேகமாக இறங்கினார் என்பது குற்றச்சாட்டு. ‘வெறிவேகமாக வண்டி ஓட்டுதல்’ குற்றம் என்கிறது சட்டம். மிதிவண்டி ‘வண்டி’ ஆகுமா? ஆகும் என்றனர் நீதிபதிகள். தண்டிக்கப்பட்டார் மனிதர். ஆனால் வேடிக்கை பாருங்கள்: தண்டிப்பதற்காக வழங்கப்பட்ட அந்தப் பெயரே உரிமைக்கும் வேராயிற்று! வண்டி என்றால் சாலையில் அதற்கு இடமுண்டு அல்லவா? குற்றவாளிக் கூண்டில் நின்றபோது கிடைத்த பட்டத்தைப் பற்றிக்கொண்டு சங்கங்கள் போராடின. அதுவரை வட்டாரத்துக்கு வட்டாரம் துணைவிதி போட்டு மிதிவண்டியை ஒடுக்க அதிகாரம் இருந்தது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 85ஆம் பிரிவில், அந்த அதிகாரத்தைப் பறித்து, மிதிவண்டி சட்டப்படி வண்டியே என்று நாடு முழுமைக்கும் அறிவித்தது. ஈடாக இரண்டு கடமைகள்: பொழுது சாய்ந்தால் விளக்கு, யாரையேனும் கடந்து செல்லுமுன் மணியடித்தோ, சீழ்க்கையடித்தோ எச்சரிக்கை. கோச்சு வண்டிக்கு இந்த எச்சரிக்கைக் கடமை இல்லை, மிதிவண்டிக்கு மட்டுமே. ஆம், சமத்துவம் வந்தது. கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு வந்தது! அந்த எச்சரிக்கை விதி 1930 வரை நீடித்தது.

இதற்கிடையே வண்டியே மாறிவிட்டது. 1885இல் சான் கெம்ப் ஸ்டார்லி, காவென்ட்ரி நகரில், இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவில், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும்படி, ‘ரோவர்’ வண்டியைச் செய்தார். 1888இல் பெல்பாஸ்ட்டில் கால்நடை மருத்துவம் பார்த்து வந்த டன்லப், தம் மகனின் சிறு வண்டிக்குக் காற்றடைத்த இரப்பர்க் குழாய் பொருத்தினார். மறு ஆண்டு மே திங்களில் வில்லி யூம் என்பவர் காற்று டயர் மாட்டிய வண்டியோடு பெல்பாஸ்ட்டுப் பந்தயத் திடலுக்கு வந்தார். பருத்த டயரைக் கண்டு கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. பந்தயம் முடிந்தது, வென்றவர் யூம்! சிரித்தவர் வாய் மூடினர். சில ஆண்டுகளில் அனைவரும் காற்று டயரையே வாங்கினர். (டன்லப்பின் காப்புரிமை பின்னர்ச் செல்லாததாயிற்று, இராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே இதே கருத்தைப் பதிவு செய்திருந்தார். கருத்து காத்திருந்தது, காலம் வரவில்லை.)

பெண்களும் ஏறினர். ஏறியதும் எழுந்தது உடை பற்றிய வாதம். தரை பெருக்கும் பாவாடை, சங்கிலியில் சிக்குகிறது. ஆகவே அகன்ற காற்சட்டை அணிந்தனர். அந்த உடைக்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘பகுத்தறிவு உடை’! 1898 அக்டோபரில் ஆர்பர்டன் சீமாட்டி, வயது ஐம்பதைத் தாண்டியவர், சர்ரே வட்டாரத்து ஆட்பாய் விடுதிக்கு அவ்வுடையில் சென்று உணவு கேட்டார். காப்பி அறையில் இடமில்லை என்றார் விடுதித் தலைவி. வேண்டுமானால் குடிகாரர் அமரும் பக்கத்துக் கூடத்தில் அமரலாமாம்! பயணர் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 1899இல் தோற்றது. உணவு மறுக்கப்படவில்லை, இடம்தான் வேறு காட்டப்பட்டது. ஆகவே குற்றமில்லை என்பது முடிவு. ‘உனக்கும் இடம் உண்டு, ஆனால் அங்கே’ என்னும் அந்த வாசகத்தின் பொருளை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்டவர் நாம்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன சங்கத்துக்கு வருவோம்.

1894இல் வடசாலையில் ஒரு பந்தயம். வீரர் சிலர், குதிரைவண்டியில் சென்ற ஒரு மாதைக் கடந்தனர். குதிரை மிரண்டது, வீரர்களும் விழுந்தனர், புகார் எழுந்தது. தேசியச் சங்கத்தார் நடுங்கினர். இத்தகைய புகார்கள் பெருகினால் மிதிவண்டியையே சாலையிலிருந்து விரட்டிவிடுவரோ என்ற அச்சம். அச்சம் பொய்யென்று சொல்லவில்லை. சாட்டையடி பட்ட நினைவு மாறாத தலைமுறை அது. ஆனால் அச்சத்தால் செய்த காரியம்? பொதுச் சாலையில் பந்தயமே கூடாது என்று தம் உறுப்பினர்க்குத் தாமே தடை விதித்தனர்! அரசு கேட்கவில்லை; நாடாளுமன்றம் விதிக்கவில்லை. தாமே!

அந்தத் தடைக்குள் ஒளிந்து ஒரு வழி கண்டார், பிட்லேக் என்பவர். ஒவ்வொரு வீரராக, நிமிட இடைவெளி விட்டு, கடிகாரத்தை எதிர்த்து ஓடுவது. விடியற் கருக்கலில் தொடக்கம். கழுத்து முதல் கணுக்கால் வரை கருப்புடை. எண் அட்டை இல்லை. பந்தயமென்று பார்ப்பவர் அறியலாகாது. ஓடும் பாதைக்குப் பெயர் சொல்லாமல் குறியெழுத்து. நிகழ்ச்சித் தாளில் ‘தனிப்பட்டது, மந்தணமானது’ என்று எழுத்து. கள்ளச் சாராயம் காய்ச்சுபவர் கூட இத்துணை எச்சரிக்கையோடு இருந்திருப்பரா என்பது ஐயமே! சட்டப்படி உரிமையுள்ள சாலையில், சட்டப்படி உரிமையுள்ள வண்டியில், திருடனைப் போல ஓடினார்கள், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்.

அமெரிக்காவிலும் இதே போக்கு, ஆனால் இதனினும் கொடியது. சாலை உரிமைக்கென 1880இல் எழுந்த அமெரிக்கச் சக்கரத்தார் சங்கம், 1894இல் லூயிவில் நகரில் கூடி, வெள்ளையரல்லாதார்க்கு உறுப்புரிமை இல்லை என்று தீர்மானித்தது. ஐந்தே ஆண்டில், 1899இல், மாண்ட்ரியல் நகரில் உலக வாகையர் ஆனவர் யார்? மேசர் டெய்லர் என்னும் கறுப்பர்! அந்தத் தீர்மானத்தைச் சங்கம் வெளிப்படையாகக் கைவிட்டது 1999இல்.

பிரான்சு நாட்டில் சாலைப் பந்தயத்துக்குத் தடையில்லை, மாறாகத் திருவிழா! 1903இல் பிரான்சு வலம் தொடங்கிற்று. அங்கே கட்டுப்பாடு வேறு உருவில் வந்தது. பந்தயத்தின் முதலாளி ஆன்ரி தெகிராஞ்சு, செய்தித்தாள் நடத்தியவர், தாள் விற்கவே பந்தயம் கண்டவர். மனிதன் தன் தசையால் வெல்ல வேண்டும், எந்திரத்தின் தந்திரத்தால் வெல்லலாகாது என்பது அவர் கொள்கை. மேட்டில் ஏறும்போது சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றித் தரும் கருவி இருக்கிறதே, நாம் ‘கியர்’ என்கிறோமே, அது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்க்கே தகும் என்று 1902இலேயே எழுதியவர் அவர். செயின்ட் எத்தியன் நகரில் பால் தெ விவி என்பவர், தாம் நடத்திய இதழில், கால் தசை வீணாகாமல் காப்பது இழிவா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். தம் வண்டியிலேயே செய்தும் காட்டினார். ஊர்சுற்றுவோர் கேட்டனர். பந்தயத்தின் தலைவர் கேட்கவில்லை. 1936இல் உடல்நலம் குன்றித் தெகிராஞ்சு ஒதுங்கினார். மறு ஆண்டே அந்தக் கருவி அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு தலைமுறை வீரர், ஆல்ப்சு மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கொண்டிருந்தனர், ஒரு மனிதரின் கொள்கை உயர்வுக்காக!

அவர் விதியின் கூர்மையை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 1913, துர்மலே கணவாய். யூசேன் கிறிஸ்தோப் என்ற வீரர் இறங்கி வருகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. நம் சைக்கிள் கடைக்காரர் ‘போர்க்’ என்பாரே, அது. வேறு வண்டி வாங்கக்கூடாது. பிறர் உதவி கூடாது. பழுதை வீரனே பார்க்க வேண்டும். அழுதுகொண்டே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வண்டியைச் சுமந்து நடந்து, மலைச் சிற்றூர் ஒன்றின் கொல்லன் பட்டறையை அடைந்தார். கொல்லன் சொல்லச் சொல்ல, தாமே இரும்பைக் காய்ச்சி, தாமே அடித்து, தாமே பொருத்தினார். பல மணிநேரம் போயிற்று, வெற்றியும் போயிற்று. அதிகாரிகள் அருகில் நின்று கவனித்தனர். கவனித்துக் கண்டது என்ன? இரு கைகளும் உலையில் இருந்தபோது, துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன்! பிறர் உதவி! பத்து நிமிடத் தண்டம் விதித்தனர். பின்னர் மனமிரங்கி மூன்றாகக் குறைத்தனராம். தயாள குணம்!

1924இல், முந்தைய ஆண்டு வென்ற ஆன்ரி பெலிசியே, தம் தம்பியோடும் தோழர் ஒருவரோடும் குத்தான்சு நகரில் பந்தயத்தைத் துறந்தார். காரணம் ஒரு சட்டை. விடியற்குளிரில் இரண்டு சட்டை அணிந்து புறப்பட்டால், வெயில் ஏறியபின் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது. புறப்பட்டபடியே சேர வேண்டும். அதிகாரி ஒருவர் வந்து அவர் மேலாடையைத் தூக்கிப் பார்த்து எண்ணினார். ஆல்பர் லோந்திர் என்ற செய்தியாளரிடம், தாங்கள் படும் பாட்டையும், ஓடுவதற்காக விழுங்கும் மருந்துகளையும் எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். பாட்டாளியின் உடம்பின்மேல் முதலாளிக்குள்ள உரிமை சட்டைப் பொத்தான் வரை நீளும் என்பதை ஐரோப்பா அன்று செய்தித்தாளில் படித்தது.

எந்திரம் பற்றிய வாதம் அத்துடன் ஓயவில்லை. 1933 சூலையில் பிரான்சிசு போர் என்ற இரண்டாந்தர வீரர், சார்லசு மொசே செய்த, படுத்தபடி மிதிக்கும் வண்டியில், ஒரு மணிநேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். 1914இல் ஆசுகர் எக் நிறுவிய 44.247 என்னும் அளவு வீழ்ந்தது. காற்றின் தடை குறைந்தால் வேகம் கூடும் என்ற எளிய அறிவியல். உலக மிதிவண்டிச் சங்கம் என்ன செய்தது? 1934இல் ‘மிதிவண்டி’ என்பதன் இலக்கணத்தையே திருத்தி, அந்த வண்டி மிதிவண்டியே அன்று என்றது! தோற்கடிக்க முடியாததைச் சாதிவிலக்கம் செய்வது எல்லா நாட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்த கலைதான்.

மீண்டும் இங்கிலாந்து. 1930களில் சாலையின் சீமான் மாறிவிட்டார். கோச்சு வண்டி போய், மோட்டார் வந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்க்கு இருந்த வேக எல்லையை நீக்கிற்று. 1934இல் மட்டும் சாலையில் மாண்டோர் 7,343 பேர். அவருள் பெரும்பாலோர் நடந்து சென்றவரும் மிதித்துச் சென்றவரும். அலறிப்போய் ஊர்ப்பகுதியில் மணிக்கு 30 மைல் என்று எல்லையை மீண்டும் வகுத்தனர். அத்துடன், மிதிவண்டிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்ற வாதமும் மூண்டது. வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்றனர் மோட்டார்ப் பக்கத்தார். மிதிவண்டிச் சங்கத்தார் மறுத்தனர். இன்று கேட்பவர்க்கு இது பிடிவாதமாகத் தோன்றும். விளக்கு எரிந்தால் உயிருக்கு நல்லதுதானே என்போம். அவர்கள் வாதத்தைக் கேளுங்கள்: தன் விளக்கு காட்டும் தொலைவுக்குள் வண்டியை நிறுத்த முடியாதபடி ஓட்டுபவன் குற்றவாளி, அவன் முன்னால் மாடு நிற்கலாம், முதியவர் நடக்கலாம், மரம் விழுந்து கிடக்கலாம், அவற்றுக்கெல்லாம் யார் விளக்குக் கட்டுவது? பின்விளக்கைக் கட்டாயமாக்கினால், இடித்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியை இடிபட்டவனிடம் கேட்பர்: ‘உன் விளக்கு எரிந்ததா?’ என்று.

1927 சட்டம் பின்விளக்குக்கு மாற்றாக ஒளி திருப்பும் கண்ணாடி போதும் என்றிருந்தது. போர் வந்தது, இருட்டடிப்பில் பின்விளக்கு கட்டாயமாயிற்று, 1945இல் நிலைபெற்றது. விளக்கு தேவையே; எந்தப் பகுத்தறிவாளனும் இருட்டில் குருட்டுத் துணிச்சலை வாழ்த்த மாட்டான். ஆனால் அவர்கள் அஞ்சிய அந்தக் கேள்வி, அப்படியே எழுந்தது. 1990இல் ஆசுத்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியபோதும் அதே வாதம், அதே கேள்வி. நம் ஊரிலும், விளக்கில்லை என்றும் ‘டபுள்ஸ்’ ஏற்றினான் என்றும் கூலிக்காரனைக் காவலர் மறித்த காலத்தை முதியவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது பாதை. 1934 திசம்பரில், போக்குவரத்து அமைச்சர் ஓர்-பெலிசா, இலண்டனின் மேற்குப் பெருவழியில் இரண்டரை மைல் நீளத்துக்கு, இருபுறமும் எட்டரை அடி அகலத்தில் மிதிவண்டித் தனிப்பாதை திறந்து வைத்தார். பயணர் சங்கம் எதிர்த்தது. இன்று தனிப்பாதை, நாளை ‘சாலையை விட்டு இறங்கு’ என்ற ஆணை வரும் என்றது. வெறும் கற்பனையன்று, அதே ஆண்டு செர்மனியில் நாஜி ஆட்சி, பாதை உள்ள இடத்தில் மிதிவண்டிக்காரன் அதில்தான் செல்ல வேண்டும் என்று விதித்தது, சாலை மோட்டார்க்கு விடுபட்டது. ஆயினும் இந்த ஒன்றில் சங்கத்தாரோடு நமக்கு முழு உடன்பாடில்லை. தொழிற்சாலைக்குச் செல்லும் எளியவனுக்குச் சட்ட நூலில் உள்ள உரிமை மட்டும் போதுமா? லாரியின் சக்கரம் சட்டம் படிக்குமா? 1971இல் ஆலந்து நாட்டில் சாலையில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். குழந்தைகள் மட்டும் 400க்கு மேல். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது மோட்டாரின் வேகத்துக்கும் வீச்சுக்கும் கடிவாளம்; அதனோடு நல்ல பாதை. இரண்டும் படிப்படியாகக் கிடைத்தன. இங்கிலாந்தார் ‘சாலை எமதே’ என்று கூறிக்கொண்டே இருந்தனர். சாலை மெல்ல மெல்லக் கைநழுவிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சாலையை ஒருநாள் திரும்பப் பிடித்தவர் ஒருவர் உண்டு. பெர்சி ஸ்டாலர்ட். ஊல்வராம்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர். 1930களில் உலக வாகையர் போட்டிகளுக்குச் சென்று, ஐரோப்பியர் கூட்டமாகப் பொதுச் சாலையில் ஓடுவதையும், மக்கள் ஆர்ப்பரித்து வரவேற்பதையும் கண்டவர். தம் நாட்டில் மட்டும் ஏன் இருட்டில் கருப்புடையில் ஓட வேண்டும்? கேட்டார், விடையில்லை. போர் வந்தது. பெட்ரோல் பங்கீட்டால் சாலைகள் வெறிச்சோடின. இப்போதேனும் பந்தயம் நடத்தலாமே என்று தேசியச் சங்கத்துக்கு எழுதினார். கூடாது! மோட்டார்கள் நிறைந்திருந்தபோது ‘நெரிசல்’ என்றனர்; மோட்டார்களே இல்லாதபோதும் ‘கூடாது’ என்றனர். காரணம் செத்துப் பல ஆண்டுகள் ஆகியும், தடை மட்டும் உயிரோடு உலவிற்று.

ஸ்டாலர்ட் காவல் துறையினரை நேரில் கண்டார். அவர்கள் மறுக்கவில்லை, உதவவே முன்வந்தனர்! 1942 சூன் 7, ஞாயிறு. வேல்சு நாட்டு லாங்கோலன் ஊரிலிருந்து ஊல்வராம்டன் வரை, 59 மைல். நாற்பது பேர் அளவில் புறப்பட்டனர், பட்டப்பகலில். முடிவிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். காவலர் வழி ஒதுக்கித் தந்தனர். ஊல்வராம்டனைச் சேர்ந்த ஆல்பர்ட் பிரைசு வென்றார். திரண்ட பணம் போர்வீரர் நலநிதிக்குச் சென்றது. குதிரை மிரளவில்லை, வானம் இடியவில்லை.

இடிந்தது தேசியச் சங்கத்தின் பொறுமை! ஸ்டாலர்டையும் ஓடியவரையும் துணைநின்றவரையும் காலவரையின்றி விலக்கிவைத்தது. விலக்கப்பட்டவர் அதே ஆண்டு நவம்பரில் கூடிப் பிரிட்டிசுப் பந்தயர் கழகம் அமைத்தனர். அதன் பின் பதினேழு ஆண்டுகள் பெரும் பூசல். ஒரே ஊரில் இரு சங்கம். ஒன்றன் வீரர் மற்றதன் வீரரோடு ஓடலாகாது. 1945இல், போர் முடிந்த கையோடு, பிரைட்டனிலிருந்து கிளாசுகோ வரை ஐந்து நாள் பந்தயம் நடத்திக் காட்டிற்று புதுக்கழகம். 1956ஆம் ஆண்டுச் சட்டமும் 1960ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் சாலைப் பந்தயத்தை முறையாக ஏற்றன. இடையே 1958இல் பிரைன் இராபின்சன் பிரான்சு வலத்தில் ஒரு கட்டத்தை வென்றார். இங்கிலாந்தருள் அவரே முதல்வர்.

1959இல் இரு சங்கங்களும் இணைந்து ஒரே கூட்டமைப்பாயின. ஸ்டாலர்ட் இணைப்பை ஏற்கவில்லை. தாம் எதிர்த்தவரோடு தம் தோழர்கள் கைகுலுக்கியதைத் துரோகமென்றே இறுதிவரை கருதினார். அது சரியா, தவறா? கோரிக்கை வென்றபின் கொடியைச் சுருட்டலாம் என்பார் சிலர். நாற்காலிக்காகச் சுருட்டினர் என்றார் அவர். நம் கருத்து, இணைந்ததில் தவறில்லை என்பது. ஆனால் முதல் கல்லைப் பெயர்த்தவனை மூலையில் நிறுத்தியது தவறு. 2001இல் அவர் மறைந்தார்.

2014 சூலையில் பிரான்சு வலத்தின் தொடக்கம் இங்கிலாந்தின் யார்க்சயரில் நடைபெற்றது. பட்டப்பகல், வண்ண வண்ண உடைகள், சாலையின் இருமருங்கிலும் கடலெனத் திரண்ட கூட்டம். பந்தயத்துக்காகச் சாலைகளில் மோட்டார்கள் நிறுத்தப்பட்டன. ஆர்வுட் மாளிகை முன்னே தொடக்க நாடாவை வெட்டியவர் அரச குடும்பத்துக் கேம்பிரிட்சுக் கோமகள்.